முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு 43 வயது. கல்லிடைக்குறிச்சியில் வீட்டோடு அப்பளத் தொழில் செய்கிறோம். ஐந்தாறு ஆண்டுகளாகக் காதல் நாவல்கள் என்றால் எனக்கு உயிர். முதலில் செல்போனில் தமிழ்த் தொடர்கதைகளைப் படித்தேன். இப்போது மகள் காட்டிக்கொடுத்த ஆங்கில ரொமான்டிக் ஃபேன்டஸி நாவல்களையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். “பேரன் பேத்தி எடுக்கப் போற வயசுல காதல் கதை என்னட்டி வேண்டிக்கெடக்கு? எல்லாம் ஒரே கதைதான, கடைசில ரெண்டு பேரும் சேந்துருவாவ” என்று என் கணவரின் அக்காள், என் மதினி, எல்லோர் முன்னாலும் கேலி செய்கிறார்கள். அவர்களே ஒருநாள் மாவு உருட்டிக்கொண்டிருக்கும்போது, “அந்தப் பிள்ள பெறகு என்ன ஆனா?” என்று கேட்டதும் உண்டு; அது வேறு விஷயம். இந்தப் பழக்கம் தவறா? பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகளை இவற்றைப் படிக்க விடலாமா? நானே ஒரு நாவல் எழுத ஆசைப்படுவது அதிகப்பிரசங்கித்தனமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மதினியின் கேலியில் பாதி உண்மை இருக்கிறது. கடைசியில் இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது காதல் நாவலின் பலவீனமல்ல, எழுதுகிறவரும் படிக்கிறவரும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்படிக்கை. காதலே கதையின் நடுத்தண்டாக இருக்க வேண்டும், முடிவு மனத்துக்கு நிறைவு தர வேண்டும் என்ற இரண்டையும் மீறினால், அது வேறு எவ்வளவு நல்ல நாவலாக இருந்தாலும், ஆங்கிலப் பதிப்பகங்கள் அதைக் காதல் நாவல் வரிசையில் சேர்ப்பதில்லை. நீங்கள் இப்போது படிக்கும் வகைக்கு ரொமான்ஸ், ஃபேன்டஸி என்ற இரண்டு சொற்களை ஒட்டி ‘ரொமான்டசி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மந்திரமும் டிராகனும் அரியணைப் போட்டியும் அதில் இருக்கும். ஆனால் காதலை உருவிவிட்டால் கதையே சரிந்து விழும். காதலை எடுத்த பிறகும் கதை நிற்குமானால், அது காதல் கொஞ்சம் தூவிய சாதாரண மாயாஜாலக் கதைதான்.

முடிவு தெரிந்த கதையை உட்கார்ந்து கேட்பது நம் ஊருக்குப் புதிதா என்று மதினியிடம் கேட்டுப் பாருங்கள். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் முத்துப்பட்டன் கதையை எடுக்கும்போது, எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் கதை தெரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டார். காட்டு வழியே வந்த அந்தண இளைஞன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளின் பாட்டைக் கேட்டு மயங்குவான். அவர்களின் தகப்பனார் வாலப்பகடை பூணூலையும் குடுமியையும் விட்டுவிட்டுச் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு வந்தால்தான் பெண் தருவேன் என்பார். அவனும் அப்படியே செய்வான். எல்லாம் தெரிந்திருந்தும், பூணூலை அறுக்கும் இடத்தைப் பாடகர் இன்று எப்படிப் பாடப் போகிறார் என்பதற்காக நடுச்சாமம் தாண்டியும் சனம் காத்திருக்கிறது. நீங்கள் காதல் நாவலின் இருபதாம் அத்தியாயத்தில் காத்திருப்பதும் இதே காத்திருப்புதான்.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். முத்துப்பட்டன் மாமனாரின் மாட்டுக் கிடையைக் கொள்ளையரிடமிருந்து மீட்கப் போய் உயிரை விட்டான். மனைவியர் இருவரும் அவனோடு தீயில் இறங்கினார்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயன் என்ற பெயரில் நிற்பவன் அவன்தான். வேண்டிக்கொண்டவர்கள் காணிக்கையாகக் கட்டிய தோல் செருப்புகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டவராயன் அவற்றைப் போட்டுக்கொண்டு இரவில் காட்டில் திரிவதால், புதுச் செருப்பும் தேய்ந்து போகும் என்பது சனங்களின் நம்பிக்கை. நம் கதைப்பாடல்களில் சாதி கடந்து காதலித்தவர்கள் செத்த பிறகுதான் தெய்வமாகிறார்கள். உயிரோடு ஒரு வீட்டில் அடுப்பு மூட்டி வாழ்ந்தார்கள் என்று பாட நம் முன்னோருக்கு மனம் வரவில்லை. அப்படி வாழ நினைப்பவர்களைப் பற்றிய செய்திகள் இன்றும் நம் பக்கத்து நாளிதழ்களில் எப்படி முடிகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, காதலித்த இருவர் கடைசிப் பக்கத்தில் உயிரோடும் சிரிப்போடும் இருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதே கதையில் இன்னொரு பாடமும் உண்டு. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் அந்தணப் பெண்களே, வாலப்பகடை அவர்களை எடுத்து வளர்த்தார் என்று பிற்காலத்தில் ஒரு கிளைக்கதை சேர்க்கப்பட்டதை, நாங்குநேரியில் பிறந்த நாட்டார் இலக்கிய ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். காதலைச் சகித்துக்கொள்ள முடியாதவர்கள் பெண்ணின் பிறப்பை மாற்றி எழுதிவிட்டார்கள். நீங்கள் படிக்கும் தொடர்கதைகளில், கூலிக்காரன் மகள் கடைசி அத்தியாயத்தில் கோடீஸ்வரரின் தொலைந்துபோன பேத்தி என்று தெரியவரும் இடங்களில் இதை நினைத்துப் பாருங்கள். அதே ஒட்டுவேலை, செல்போனுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ரொமான்டசி வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்களுக்கும் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பதில் இருக்கிறது. குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் வேறென்ன செய்தார்? பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி என்ற பெண், உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு காதல் கொள்கிறாள். தூக்கம் போகிறது, சுடுகிறாய் என்று நிலாவைத் திட்டுகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள், மலைக்குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்கிறாள். தெய்வத்தைக் காதலிக்கும் மானிடப் பெண், மாயம் அறிந்த மலைவாசி, தூது செல்லும் தோழி என்று இன்றைய ரொமான்டசிக்கு வேண்டிய அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வசந்தவல்லியின் புலம்பல்கூட அல்ல. குறி சொல்லிப் பரிசு வாங்கிய குறத்தியைத் தேடித் தெருத்தெருவாக அலைந்த அவள் கணவன், கடைசியில் அவளைக் கண்டுபிடித்ததும், காலில் என்ன விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறது என்று பயந்து கேட்க, அது குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று அவள் விடை சொல்லும் இடம்தான் எனக்குப் பிடித்தது. பெண்டாட்டி சம்பாதித்து வந்ததை நம்ப முடியாமல் விழிக்கும் புருஷனை இத்தனை செல்லமாகக் கேலி செய்த பக்கத்தைச் சமகாலக் காதல் நாவலில் நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

வெட்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். 1908இல் லண்டனில் தொடங்கப்பட்ட மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் புத்தகங்களைப் பாடநூலுக்குள் மறைத்துப் படித்த பாளையங்கோட்டைக் கல்லூரிப் பெண்கள் இன்று பாட்டிகளாகிவிட்டார்கள். என் அம்மா மாத நாவல்களை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாள். சில பக்கங்களில் தவிடு ஒட்டியிருக்கும். அப்பாவுக்கு அது தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

கண்டிப்பு வேண்டிய இடம் வேறு. நம் தமிழ்த் தொடர்கதைகளில் ஒரு விசித்திரம் உண்டு: மேல்நாட்டுக் காதல் நாவல் பெரும்பாலும் திருமணத்தை நோக்கி நடக்கிறது; நம்முடையது தாலியில் தொடங்கி, பிறகு காதலைத் தேடிப் போகிறது. களவு என்னும் மறைவான காதல் முன்னும், கற்பு என்னும் மணவாழ்க்கை பின்னும் என்று தொல்காப்பியம் வைத்த வரிசையை நம் எழுத்தாளர்கள் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் பார்த்து மணம் முடித்துவைக்கும் ஊரில் இது இயல்பான கற்பனைதான். முன்பின் அறியாத ஒருவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, மெல்ல மெல்ல அவனை அறிந்துகொள்வதை நன்றாக எழுதியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாலியே கட்டாயத் தாலியாக இருந்து, கட்டியவன் அவளை அறைந்து, அறைக்குள் பூட்டி, பத்தாம் அத்தியாயத்தில் அவன் இளமையில் பட்ட துயரம் தெரியவந்ததும் எல்லாம் மன்னிக்கப்படும் கதைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு ‘ஆன்டி ஹீரோ’ என்று பெயர் சூட்டிவிட்டால் போதாது. அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னபோது அவன் என்ன செய்தான் என்று ஒவ்வொரு நாவலிலும் பாருங்கள். டிராகன் ஏறிப் போர் புரிகிறவனானாலும் சரி, சென்னையில் பத்துக் கம்பெனி வைத்திருப்பவனானாலும் சரி, அந்த ஒரு இடத்தில் அவன் தரம் தெரிந்துவிடும்.

மகள் விஷயத்தில் அட்டைப் படத்தை நம்பாதீர்கள். இப்போது வரும் ஆங்கிலக் காதல் நாவல்கள் பலவற்றின் அட்டை சிறுவர் கதைப் புத்தகம் போலக் கார்ட்டூன் ஓவியத்தோடு இருக்கும். உள்ளே படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருக்கும். அந்த வாசகர்கள் இதைக் காரம் என்று சொல்லி, மிளகாய்ப் படம் போட்டு அளக்கிறார்கள். மிளகாய் மூன்று நான்கு என்றால் பள்ளிப் பிள்ளைக்கு உரியதல்ல. பதின்பருவத்தினருக்கென்றே எழுதப்படும் ஃபேன்டஸி நாவல்கள் தனியாக இருக்கின்றன, அவற்றை முதலில் கொடுங்கள். பிடுங்கி வைப்பதால் பயனில்லை; அவள்தான் உங்களுக்கே இந்த வகையைக் காட்டிக்கொடுத்தவள். நீங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்து, அவன் செய்தது சரியா என்று சண்டை போடுங்கள். பொதுத்தேர்வு முடியும்வரை இரவுப் படிப்புக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்வது அவளுக்கு மட்டுமல்ல, விடியுமுன் எழுந்து மாவு பிசையும் உங்களுக்கும் நல்லது. தொடர்கதைகள் ஒவ்வொரு அத்தியாயத்தையும் கொக்கி போட்டு நிறுத்துவது, நீங்கள் அடுத்ததையும் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

எழுதுங்கள். ஆனால் நீங்கள் பார்த்திராத மாளிகையில் தொடங்காதீர்கள். மொட்டை மாடியில் அப்பளம் காய்கிறது. பொதிகைப் பக்கம் திடீரென்று இருட்டிக்கொண்டு வருகிறது. நான்கு தூறல் விழுந்தால் அன்றைய உழைப்பு போச்சு. அள்ளுவதற்கு வீட்டில் ஆள் இல்லை. அடுத்த மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்து வருகிறவன் யார்? மனிதனா, மலையிலிருந்து இறங்கி வந்தவனா? அவன் காலில் என்ன இருக்கிறது, புதுச் செருப்பா, தேய்ந்த செருப்பா? இதை அமெரிக்காவில் இருக்கும் எந்த ரொமான்டசி எழுத்தாளராலும் எழுத முடியாது. அப்பளம் எந்தப் பதத்தில் விரலில் ஒட்டும், எந்தப் பதத்தில் உடையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதல் அத்தியாயத்தை முடித்ததும் என்னிடம் அனுப்ப வேண்டாம். மாவு உருட்டும் நேரத்தில் மதினிக்கு வாய்மொழியாகச் சொல்லுங்கள். செருப்பு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, உருண்டையை எடுத்துப் பலகையில் வைத்துப் பேசாமல் தேய்த்துக்கொண்டிருங்கள். அன்று கேட்டதை அவர்கள் மறுபடியும் கேட்பார்கள்.