ஐஜிஎஃப்-1 குறைவு: வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஆறு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய். வகுப்பில் அவன்தான் குள்ளம். ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 10.2. ராத்திரி சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயத்தில், படுக்கும்முன் போடும் இன்சுலினைக் குறைத்துத்தான் போடுகிறோம். ஐஜிஎஃப்-1 பரிசோதனையில் அளவு குறைவாக வந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் உயரம் வருமா?

பதில்: இப்போதைக்கு அந்த ஊசி வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் இன்சுலின்தான் போதவில்லை.

எலும்பையும் தசையையும் வளரவைக்கும் புரதம் ஐஜிஎஃப்-1. ரத்தத்தில் ஓடுவதில் பெரும்பகுதி கல்லீரலில் உருவாவது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்ட வேண்டும். அந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே போதிய அளவு இருக்க இன்சுலின் வேண்டும். கணையத்தில் சுரக்கும் இன்சுலின், போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் முதலில் போகும். தொடையில் போடும் ஊசியோ உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் அங்கே சேர்கிறது. அதனால் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் ஐஜிஎஃப்-1 சற்றுக் குறைந்திருப்பதுண்டு. ஹெச்பிஏ1சி 10-ஐத் தாண்டினால் கேட்கவே வேண்டாம்.

ரிப்போர்ட்டில் தெரியாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரத்தத்திலுள்ள ஐஜிஎஃப்-1-இல் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தனியாகத் திரியும். மிச்சமெல்லாம் பிணைப்புப் புரதங்களின் பிடியில். அவற்றில் ஆறு வகை. மூன்றாம் எண் புரதம்தான் முக்கால் பங்கை வைத்திருக்கிறது. தனியாக இருந்தால் சில நிமிடங்களில் போய்விடும் ஐஜிஎஃப்-1, அதன் பிடியில் பல மணி நேரம் தாங்கும். தொல்லை முதலாம் எண்ணில். கல்லீரல் அதை அதிகம் தயாரிக்காமல் அடக்கி வைப்பது இன்சுலின். சாப்பிட்டு இன்சுலின் ஏறினால் அது இறங்கும், பட்டினியில் ஏறும்.

இப்போது உங்கள் வீட்டு ராத்திரியைப் பாருங்கள். இன்சுலின் குறைந்ததும் முதலாம் எண் புரதம் ஏறி, இருக்கிற கொஞ்ச ஐஜிஎஃப்-1-ஐயும் கட்டிப்போடுகிறது. 'போதும்' என்று சொல்ல ஐஜிஎஃப்-1 இல்லாததால் பிட்யூட்டரி வளர்ச்சி ஹார்மோனை இன்னும் கூட்டுகிறது. அந்த ஹார்மோன் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். காலைச் சர்க்கரை ஏறும். ஏற்கெனவே இப்படிக் கூடியிருக்கக்கூடிய ஹார்மோனை ஊசியிலும் ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

செய்ய வேண்டியது: சில நாள் ராத்திரி 2 மணி, 3 மணிக்குச் சர்க்கரை பார்த்துக் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் அளவை எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பருவ வயதில் ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட்டுக்கு மேலும் இன்சுலின் தேவைப்படலாம். பழைய டோஸ் பத்தாது. ஊசி போடும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் போல் மேடு தட்டியிருந்தால் அங்கே போடும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். வயிறு காய்ந்தாலும் ஐஜிஎஃப்-1 விழும்.

கல்லீரல் வீங்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல், கல்லீரல் பெருத்து, வளர்ச்சியும் நின்றுபோகும் நிலைக்கு மோரியாக் நோய்க்குறி என்று பெயர், 1930-லேயே பதிவானது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையைத் தடாலடியாக இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு சில சமயம் மோசமாகும். எனவே முதலில் கண் பரிசோதனை, பிறகு படிப்படியாக இறக்குவது. தைராய்டும், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயும் டைப் 1 பிள்ளைகளுக்கு வரக்கூடியவை. இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து எழுதுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில மாதம் கழித்து, அதே லேபில் ஐஜிஎஃப்-1 மறுபடி பாருங்கள். அப்போதும் உயரம் ஏறவில்லை என்றால் வளர்ச்சி ஹார்மோன் பரிசோதனையைப் பற்றிக் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் பேசலாம்.