சிகாகோ ஏறினால் திருமங்கலம் ஏறுமா? தானியச் சந்தை கேள்வி பதில்

பேரையூர் விவசாயி: சிகாகோவுல மக்காச்சோளம் விலை ஏறிருச்சுன்னு செய்தி வருது. திருமங்கலத்துல அசையவே மாட்டேங்குதே, ஏண்ணே?

பதில்: முதலில் அந்த விலையை நம் கணக்குக்குக் கொண்டுவாங்க தம்பி. அங்கேயுள்ள தானியச் சந்தையில் புஷல் என்ற அளவுக்கு இத்தனை சென்ட் என்று சொல்வார்கள். மக்காச்சோளத்தில் ஒரு புஷல் 25.4 கிலோ, டன்னுக்கு 39.37 புஷல். 450 சென்ட் என்றால் டன் 177 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் குவிண்டால் சுமார் 1,506 ரூபாய். ஆனால் அந்தச் சரக்கு தூத்துக்குடியில் வந்து இறங்கப் போவதில்லை. அமெரிக்க மக்காச்சோளம் பெரும்பாலும் மரபணு மாற்றியது, அதற்கு இங்கே அனுமதி இல்லை. அதோடு பொதுவான இறக்குமதி வரியே 50 விழுக்காடு.

நம் விலையைப் பிடித்து இழுப்பது நாமக்கல் கோழித்தீவன ஆலைகள், இப்போது எத்தனால் ஆலைகளும். நாமக்கல் இறக்குமிட விலையில் லாரி வாடகை, ஏற்றுகூலி, வியாபாரி லாபம் இவற்றைக் கழியுங்கள். வருவதுதான் திருமங்கலத்தில் நீங்கள் கேட்க வேண்டிய விலை. பீகாரின் ராபி (குளிர்காலப் பருவ) மக்காச்சோளம் ஏப்ரல், மே மாதங்களில் வரத்துக்கு வரும். தை, மாசியில் அறுத்ததை அதுவரை பிடித்து வைப்பவர்கள் அதையும் கணக்கில் வைக்கணும்.

டி.கல்லுப்பட்டி: மக்காச்சோளத்துல ஈரம் 18 விழுக்காடு இருக்குன்னு குவிண்டாலுக்கு 8 கிலோ கழிச்சுட்டாங்க. சரியா?

பதில்: சரியில்லை. 100 கிலோவில் ஈரம் 18 என்றால் உலர்சரக்கு 82 கிலோ. வியாபாரத்தில் ஏற்கும் அளவான 14 விழுக்காட்டுக்குக் காய்ந்தபின் எடை 82-ஐ 0.86-ஆல் வகுத்தது, அதாவது 95.35 கிலோ. நியாயமான கழிவு 4.65 கிலோதான். காயவைக்கும் கூலி, சிந்துமணி என்று இன்னும் அரைக் கிலோ கேட்டால் பேசலாம். 8 கிலோவுக்கு வழியே இல்லை.

ஈரம் அளக்கும் மீட்டரும் ஏமாற்றும். களத்துச் சூட்டோடு அள்ளிய மணியை அளந்தால் எண் தப்பும். நிழலில் ஆறவிட்டு, மூட்டையின் நடுவில் குத்தூசி போட்டு எடுத்த மணியை மூன்று முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். மேல்வாய் மணி எப்போதும் காய்ந்துதான் இருக்கும், உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். அந்த ஈரத்தோடு மூட்டையை அட்டி போட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு வரும். பிறகு தீவன ஆலை லாரியோடு திருப்பி அனுப்பிவிடும்.

கீழமாசி வீதி பருப்புக் கடை: உளுந்துக்கு எதைப் பார்த்து வாங்குறது சார்?

பதில்: மியான்மரின் யாங்கோன் சந்தையைப் பாருங்கள். நாம் இறக்கும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மருடையது, விலை டன்னுக்கு டாலரில் வரும். எஸ்.க்யூ. (சிறப்புத் தரம்), எஃப்.ஏ.க்யூ. (நியாயமான சராசரித் தரம்) என இரண்டு தரம். நம் பக்கம் இட்லி மாவுக்குப் பருமனான எஸ்.க்யூ.வைத்தான் விரும்புகிறார்கள், அதற்கு விலையும் கூடுதல். எஃப்.ஏ.க்யூ. விலையைக் காட்டி எஸ்.க்யூ. பேரம் பேசாதீர்கள். அங்கே அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். உளுந்தில் முன்பேர வணிகம் (பின்னால் தரும் சரக்குக்கு இப்போதே விலை பேசுவது) 2007 முதலே தடை என்பதால், வாங்கிய சரக்கின் விலை இறங்கினால் நட்டத்தைத் தடுக்கும் விலைக்காப்பு எடுக்க வழியில்லை. இருப்பைச் சின்னதாகவே வையுங்கள்.

மேலூர் அரிசி ஆலை: ஏற்றுமதிக்காரருக்குப் புழுங்கல் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஒப்பந்தம் எழுதிவிட்டு. 2023 ஜூலை 20-இல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே புழுங்கலுக்கு 20 விழுக்காடு வரி. உலக அரிசி வணிகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நம்முடையது என்பதால் தாய்லாந்து விலை 2008-க்குப் பின் காணாத உயரத்துக்குப் போனது. வெளியே விலை ஏற, இங்கே விற்க முடியாமல் நின்றது சரக்கு. தடை நீங்கியது 2024 செப்டம்பரில்தான். அதனால் சரக்கு ஆலையை விட்டுக் கிளம்பியபின் வரியோ தடையோ வந்தால் நட்டம் யாருக்கு, சாக்கும் வண்டி வாடகையும் யார் தலையில் என்று முன்பணம் கைமாறும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.