பாரிஸின் பழைய பகுதியில் ஃபர்னிஷ்டு பென்ட்ஹவுஸ் வாடகைக்கு எடுக்கலாமா?

கேட்டவர் ஓராண்டு வேலைக்காக மனைவியுடன் பாரிஸ் போகிறார். மரே பகுதியில் கட்டில், சோபா, பாத்திரம் எல்லாம் போட்டிருக்கும் ஒரு சொகுசு பென்ட்ஹவுஸை, அதாவது கட்டடத்தின் உச்சி மாடி வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறார். வாடகையில் பெரும்பகுதியை அலுவலகம் கொடுக்கிறது. எடுக்கலாமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

அதே மரேயில், அதே மாதிரி வீட்டில், 2018 செப்டம்பரிலிருந்து 14 மாதம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சோபாவைப் பார்க்காதீர்கள், கூரையைப் பாருங்கள்.

சென்னையில் மொட்டை மாடியில் ஒற்றை அறை கட்டி பேச்சிலர்களுக்கு விடுவார்களே, தெரியும்தானே? பாரிஸின் பழைய கட்டடங்களில் பென்ட்ஹவுஸ் என்று விளம்பரம் வருவதில் முக்கால்வாசி அதன் ஒன்றுவிட்ட அண்ணன்தான். லிஃப்ட் வருவதற்கு முன்னால் அங்கே பணக்காரர்கள் குடியிருந்தது தரைக்குப் பக்கத்தில், அதிகம் ஏற வேண்டாத மாடியில். மேலே போகப் போக மரியாதையும் வாடகையும் குறையும். கூரைக்கு ஒட்டினாற்போல இருந்த பொந்துகள் வேலைக்காரப் பெண்களுக்கு. 'ஷாம்ப்ர் தெ பொன்' என்று அதற்குப் பெயரே உண்டு. லிஃப்ட் வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அப்படிப்பட்ட நாலு பொந்துகளின் சுவரை இடித்து ஒன்றாக்கி, மரத்தரையை மெருகேற்றி, ஒரு சின்ன பால்கனியும் வைத்துவிட்டால் பென்ட்ஹவுஸ். நான் இருந்த வீடு சரியாக அப்படி உருவானது. வரவேற்பறைச் சுவரில் பழைய கதவின் தடம் கூடத் தெரியும்.

மரே என்றால் சதுப்பு நிலம் என்று பொருள். 1612-இல் திறக்கப்பட்ட ப்ளாஸ் தே வோஜ் சதுக்கத்தைச் சுற்றிப் பிரபுக்கள் மாளிகை கட்டினார்கள். பிறகு அவர்கள் வேறு பக்கம் போய்விட, மாளிகைகள் பட்டறைகளாகவும் ஒண்டுக்குடித்தனங்களாகவும் மாறிப் பாழாயின. பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் சொல்லப்படும் 1962 சட்டம் வந்த பின்தான் பகுதியையே மொத்தமாகப் பாதுகாத்தார்கள். இந்த வரலாறு இருக்கட்டும், வாடகைக்கு இருப்பவனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதியில் வெளியே தெரியும் எதையும் நினைத்தபடி மாற்ற முடியாது. ஏசியின் வெளிப்பெட்டியைக் கூரையிலோ முகப்பிலோ வைக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், கட்டடத்தின் மற்ற உரிமையாளர்கள் கூட்டம் போட்டுச் சம்மதிக்க வேண்டும், அதற்கு மேல் பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்கும் அரசுக் கட்டடக்கலைஞரும் சம்மதிக்க வேண்டும். ஓராண்டு குடியிருக்கப் போகிறவர் அதையெல்லாம் மறந்துவிடலாம்.

பாரிஸில் ஏசியா என்று நானும் சிரித்தேன். கூரைகளில் பெரும்பாலானவை துத்தநாகத் தகடு. மேலிருந்து பார்க்க வெள்ளிச் சாம்பல் நிறத்தில் அவ்வளவு அழகு. அந்தக் கூரை வேயும் கலையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கீழே படுத்திருப்பவனுக்கு அது தகரக் கொட்டகை. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. அன்று நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். இரவு பதினொரு மணிக்கும் சுவர் சுட்டது. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நனைத்த துண்டைப் போர்த்திக்கொண்டு வரவேற்பறைத் தரையில் படுத்தோம். மதுரைக்காரியான என் மனைவி, "அக்னி நட்சத்திரத்துக்கு இவ்வளவு வாடகை கொடுக்கிற ஆள் நாமதான்" என்றாள். சிரிப்பதற்கு மட்டுமான விஷயமும் இல்லை இது. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்சில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். கூரைக்கு நேர் கீழே வசித்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது என்று பின்னால் ஆராய்ந்து கண்டார்கள்.

ஆகவே முதல் வேலை: வீட்டின் ஆற்றல் தரச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஏ முதல் ஜி வரை தரம் போட்டிருக்கும். 2025 ஜனவரி 1 முதல் ஜி தர வீட்டைக் குடியிருக்கப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. அதே தாளில் கோடைக்கு வீடு எப்படி என்றும் ஒரு குறிப்பு இருக்கும்: நன்று, நடுத்தரம், போதாது என்று மூன்றில் ஒன்று. எல்லோரும் எழுத்தைப் பார்த்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே மூடுகதவு இருக்கிறதா, ஜன்னல் இரண்டு எதிரெதிர்ப் பக்கம் திறக்கிறதா என்பதையும். உள்ளே தொங்கும் திரைச்சீலை எவ்வளவு விலையானதாக இருந்தாலும் வெயிலுக்கு உதவாது.

அடுத்தது அளவு. கூரை சரிந்து இறங்கும் வீட்டில், 1.80 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ள இடம் சட்டப்படிக் குடியிருப்புப் பரப்பில் சேராது. எனக்குக் காட்டிய படத்தில் வீடு 80 சதுர மீட்டர் போலத் தெரிந்தது. ஒப்பந்தத்தில் 56. மீதி இடத்தில் குனிந்து நடக்கலாம், சூட்கேஸ் வைக்கலாம். முதல் மாதம் முழுக்க என் நெற்றியில் ஒரு புடைப்பு இருந்தது.

லிஃப்டையும் நேரில் போய்ப் பாருங்கள். இருநூறு முந்நூறு வருடப் படிக்கட்டுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் செருகிய லிஃப்ட். இரண்டு பேர், அதிலும் ஒருவர் ஒல்லி. எங்கள் லிஃப்ட் ஐந்தாவது மாடியோடு நின்றுவிடும், பிறகு சுழல் படியில் ஒரு மாடி. இந்த இடத்தில்தான் ஃபர்னிஷ்டு வீடு என்பது வரம். சொந்த சோபா வாங்கியிருந்தால் தெருவிலிருந்து ஏணி இயந்திரம் வைத்து ஜன்னல் வழியாக ஏற்றியிருக்க வேண்டும்.

ஃபர்னிஷ்டு என்ற சொல்லுக்கு அங்கே சட்டமே பொருள் வைத்திருக்கிறது. 2015-இல் வந்த ஆணையில் 11 இனம்: படுக்கையும் போர்வையும், படுக்கையறை ஜன்னலுக்கு மறைப்பு, அடுப்பு, ஓவன் அல்லது மைக்ரோவேவ், ஃப்ரிட்ஜ், தட்டு, பாத்திரம், மேசை நாற்காலி, அலமாரி, விளக்கு, துடைப்பம் வகையறா. துணி துவைக்கும் இயந்திரம் அதில் கிடையாது. என் வீட்டில் ஒயினுக்கென்று தனிக் குளிர்பெட்டி இருந்தது, வாஷிங் மெஷின் இல்லை! ஞாயிறு தோறும் மூட்டையோடு அந்தச் சுழல் படியில் இறங்கினேன். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் தட்டையான இரும்புக் கல் ஒன்றை ஊரிலிருந்தே கொண்டு போங்கள். மளிகைக்குக் கவலை வேண்டாம், லா ஷப்பேலில் நம் ஈழத்துக் கடைகளில் கறிவேப்பிலை முதல் இடியப்ப மா வரை கிடைக்கும். இஞ்சி இடிக்கும் உரல் மட்டும் வேண்டாம். பழைய மரத்தரை, கீழ்வீட்டு அம்மையார் மூன்றாம் நாளே கதவைத் தட்டிவிட்டார்.

அப்புறம் மஞ்சள். வெள்ளைப் பளிங்கு மேடை சமையலறைக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு வம்பு. பளிங்கு எல்லாவற்றையும் உறிஞ்சும். சாம்பார்க் கரண்டியை வைத்த இடத்தில் ஒரு பிறை விழுந்தது, போகவே இல்லை. குடிபோகும் நாளில் வீட்டின் நிலையை அறை அறையாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், 'எத்தா தே லியூ' என்பார்கள். நான் அவசரத்தில், தெரியாத மொழியில் எழுதியிருந்ததில் அப்படியே கையெழுத்துப் போட்டேன். காலி செய்யும்போது மேடையில் எனக்கு முன்பே இருந்த இரண்டு கீறலும் என் கணக்கில் சேர்ந்தன. அட்வான்ஸில் 900 யூரோ போயிற்று. மஞ்சள் என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். கீறல் என்னுடையதல்ல. ஒவ்வொரு மேசையையும் தேதி தெரியப் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பணக் கணக்கு: குடியிருப்பவர் பெயரில் போடும் ஃபர்னிஷ்டு ஒப்பந்தம் ஓராண்டுக்கு. ஒரு மாத அறிவிப்பில் நீங்கள் காலி செய்யலாம். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பாரிஸில் 2019 ஜூலை முதல் போட்ட ஒப்பந்தங்களுக்கு வாடகை உச்சவரம்பும் உண்டு. ஆனால் மொட்டை மாடி, காட்சி என்று காரணம் சொல்லி உச்சவரம்புக்கு மேல் ஒரு கூடுதல் தொகையை ஒப்பந்தத்தில் தனியாகப் போடுவார்கள். சொகுசு வீடுகளில் இது சகஜம். அநியாயம் என்று தோன்றினால் கையெழுத்துப் போட்ட மூன்று மாதத்துக்குள் சமரசக் குழுவிடம் போகலாம்.

இதில் உங்களுக்கு ஒரு பொறி இருக்கிறது, அதனால்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன். அலுவலகம் பணம் தருகிறது என்கிறீர்கள். வாடகையை அலுவலகம் தருவது வேறு, ஒப்பந்தத்தை அலுவலகப் பெயரில் போடுவது வேறு. நிறுவனத்தின் பெயரில் போட்டால் அது குடியிருப்போருக்கான 1989 சட்டத்துக்குள் வராது. உச்சவரம்பு, அட்வான்ஸ் எல்லை, ஒரு மாத அறிவிப்பு எதுவும் தானாக வராது, தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். சொகுசு வீட்டுக்காரர்கள் பலருக்கு அதுதான் பிடிக்கும். உங்கள் பெயரில் போட்டு, அலுவலகத்திடம் வாடகைப் படியாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று முதலில் கேளுங்கள். வரி கொஞ்சம் கூடலாம், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எடுக்கலாமா? செப்டம்பரில் போவதாக இருந்தால் எடுங்கள், ஜூனுக்குள் ஒரு மாத அறிவிப்பு கொடுத்து அதே தெருவில் இரண்டாம் மாடிக்கு இறங்கிவிடுங்கள். ஜனவரியில் பனி விழுந்த ஒரு காலை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் கூரைகள் எல்லாம் ஒரே வெள்ளை, காபி ஆறும் வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. பெற்றோரை ஜூலையில் அழைத்து வரும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே வேறு வீடு பாருங்கள்.