வேலையை விட்ட பிறகு சம்பளக் கணக்கில் அபராதம்: பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஒரு தனியார் வங்கியில் ஜீரோ பேலன்ஸ் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்தார்கள். வேலையை விட்டதும் இருந்த பணத்தை முழுக்க எடுத்துவிட்டேன், ஆனால் கணக்கை மூடவில்லை. பத்து மாதம் கழித்து அம்மா சீட்டுப் பணம் 12,000 ரூபாயைப் பழைய ஞாபகத்தில் அந்தக் கணக்குக்கு அனுப்பிவிட்டார். வந்த அன்றே மினிமம் பேலன்ஸ் சார்ஜ் என்று ஏழு மாதத்துக்குச் சேர்த்து 4,956 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள். கிளையில் கேட்டால் 'சிஸ்டம் எடுத்தது சார், எங்க கையில எதுவும் இல்ல' என்கிறார்கள். ஒரு ஆலோசகர், பணத்தை வாங்கித் தருகிறேன், 30 சதவீதம் கமிஷனும் நெட்பேங்கிங் விவரமும் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? — வாசகர், ராணிப்பேட்டை

பதில்: கொடுக்காதீர்கள். கமிஷனும் வேண்டாம், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு வேண்டவே வேண்டாம். வங்கியிடம் புகார் கொடுப்பதற்கும் அதன்பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) போவதற்கும் ஒரு பைசா கட்டணம் கிடையாது. உங்கள் தரப்பில் நியாயமும் இருக்கிறது.

முதலில் அந்த 4,956 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் வங்கி 10,000 ரூபாய் சராசரி இருப்பு கேட்கிறது, குறைகிற தொகையில் 6 சதவீதம் அபராதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 600, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 108, ஆக 708. ஏழு மாதத்துக்கு 4,956. கணக்கு அப்படியே பொருந்துகிறது. வேலையை விட்டு முதல் மூன்று மாதம் சும்மா விட்டிருக்கிறார்கள், அதற்கப்புறம் மீட்டர் ஓட ஆரம்பித்திருக்கிறது.

ஏன் மூன்று மாதம் என்றால், ஜீரோ பேலன்ஸ் சலுகை உங்களுக்காகத் தந்தது இல்லை, உங்கள் சம்பளத்துக்காகத் தந்தது. கம்பெனியும் வங்கியும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. சம்பளம் வருவது நின்று மூன்று மாதம் போல ஆனதும் பல வங்கிகள் அந்தக் கணக்கைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுகின்றன. கணக்கு எண், ஏடிஎம் கார்டு, பாஸ்புக் எல்லாம் அதேதான். உள்ளே இருக்கிற கணக்கு வகை மட்டும் மாறியிருக்கும், உங்களுக்கு வெளியிலிருந்து ஒன்றுமே தெரியாது. எச்.ஆரில் யாரும் சொல்ல மாட்டார்கள், வங்கியும் வாய் திறக்காது. கம்பெனி மாறுகிற இளைஞர்கள் பலர் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள். புதுக் கம்பெனி வேறு வங்கியில் கணக்கு திறக்கும், பழையது அப்படியே கிடக்கும், அபராதம் அங்கே சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆனால் உங்கள் புகாருக்கு உயிரே இந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2014 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கணக்கு தொடங்கும்போது ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச இருப்புக்கும் உண்மையில் இருக்கிற பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல்தான் அபராதம் போடலாம் என்கிறது அது. நீங்கள் கணக்கு தொடங்கும்போது ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு? பூஜ்யம். அப்படியென்றால் அந்தப் பூஜ்யம் 10,000 ஆனது எந்தத் தேதியில், அதை உங்களுக்கு எப்படித் தெரிவித்தார்கள், எந்த எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். போனது? குறைந்தபட்ச இருப்பை மாற்றினால் ஒரு மாதம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி நெடுங்காலமாகச் சொல்லிவருவது. 'நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் பின்பக்கத்திலேயே இருக்கிறது' என்று வங்கி பதில் சொல்லும். எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கவும் செய்யலாம். இருந்தாலும், மாற்றம் நடந்த தேதியில் தனியாக ஒரு தகவல் போனதா என்ற கேள்வி அப்படியே நிற்கும், அதை விடாதீர்கள்.

அதே சுற்றறிக்கை இன்னும் இரண்டு சொல்கிறது. இருப்பு குறைந்ததும் எஸ்.எம்.எஸ்., மெயில், கடிதம் என்று ஏதாவது ஒரு வழியில் முதலில் நோட்டீஸ் தர வேண்டும், சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும், அதன்பிறகுதான் அபராதம். அடுத்தது, அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக் கூடாது. வங்கிகள் என்ன செய்கின்றன? மைனஸ் காட்டுவதில்லை, தொகையை ஓரமாக நிலுவை என்று எழுதி வைத்துக்கொண்டு, எப்போது பணம் வருகிறதோ அப்போது லபக்கென்று எடுத்துக்கொள்கின்றன. உங்களுக்கு நடந்தது அதுதான். காகிதத்தில் விதியை மீறவில்லை என்பார்கள். காலிக் கணக்கில் ஏழு மாதம் அபராதம் ஏற்றி வைத்தது அந்த விதியின் நோக்கத்துக்கே விரோதம் என்று புகாரில் ஒரு வரி எழுதுங்கள்.

இதில் இன்னொரு கூத்து. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் தொடாமல் கிடந்தால் அது செயல்படாத கணக்கு, அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது. பத்து மாதம் கிடந்தால் போடலாம்! இதை யோசித்தவர்களை என்ன சொல்வது. பொதுத்துறை வங்கிகள் மட்டும் 2019-20 முதல் 2023-24 வரை ஐந்து ஆண்டுகளில் இப்படிச் சுமார் 8,500 கோடி ரூபாய் வசூலித்ததாக 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. இந்தத் தண்டத்தைக் கட்டுவது யார்? பேலன்ஸ் வைக்க முடியாதவர்கள்தானே. ஸ்டேட் வங்கி 2020-லேயே இதை நிறுத்திவிட்டது, கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கி எல்லாம் 2025-ல் நிறுத்தின. தனியார் வங்கிகளில் பல இன்னும் விடவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நெட்பேங்கிங்கிலோ கிளையிலோ வேலையை விட்ட நாளிலிருந்து இன்றுவரை ஸ்டேட்மென்ட் எடுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதுங்கள், அரைப் பக்கம் போதும். 'என் கணக்கு சம்பளக் கணக்காகத் தொடங்கப்பட்டது, குறைந்தபட்ச இருப்பு பூஜ்யம். இந்தத் தேதியில் 4,956 ரூபாய் பிடிக்கப்பட்டது. கணக்கு வகை மாறியதற்கான அறிவிப்பு, ஒவ்வொரு மாதமும் அபராதத்துக்கு முன் அனுப்பிய நோட்டீஸ், இரண்டின் தேதியும் நகலும் தேவை. அவை இல்லையென்றால் ஜிஎஸ்டியோடு சேர்த்து முழுத் தொகையையும் திரும்ப வரவு வையுங்கள்.' இவ்வளவுதான். ஜிஎஸ்டியை மறக்காதீர்கள், பல கிளைகள் 600-ஐ ரிவர்ஸ் செய்துவிட்டு 108-ஐ விழுங்கிவிடும்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். 'மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க' என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதே விஷயத்தை வங்கியின் இணையதளத்திலும் புகாராகப் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ப் புகார் புகாரே இல்லை. போனில் ஒரு மணி நேரம் கத்தினாலும் உங்கள் கையில் எண் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

'சிஸ்டம் எடுத்தது' என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். சிஸ்டம் எடுத்ததை மனிதர்கள் திருப்பிப் போட முடியும், போடுகிறார்கள். இரண்டு மூன்று மாத அபராதத்தை மேனேஜரே மேலிடத்தில் கேட்டு ரிவர்ஸ் செய்து தருவது நடக்கிறதுதான். பாதியைத் தருகிறோம், முழுத் திருப்தி என்று எழுதிக் கொடுங்கள் என்று பேரம் பேசினால் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள், போட்டால் கதை அதோடு முடிந்தது.

30 நாள் வரை பதில் வரவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால் ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். புகார் தளத்துக்குப் போகலாம். சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். சந்தேகம் கேட்க 14448, வேலை நாளில் பகலில் கூப்பிட்டால் தமிழில் பேசுவார்கள். மறுப்புக் கடிதம் வந்தால் ஒன்று கவனியுங்கள். பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார், புகாரை நிராகரிக்கும் முன் அவர் பார்வைக்குப் போயிருக்க வேண்டும். போனதா என்று கேட்டு ஒரு வரி மெயில் போடுங்கள். அந்த ஒரு வரிக்கே சில நேரம் பணம் வந்துவிடும்.

இப்போது உங்கள் ஆலோசகருக்கு வருவோம். இந்த ஆட்கள் செய்வது ஒரே வேலை, எல்லாருக்கும் ஒரே புகாரை நகல் எடுத்து நேராகக் குறைதீர்ப்பாளருக்குத் தட்டிவிடுவது. வங்கியிடம் முதலில் எழுதவில்லை, 30 நாள் காத்திருக்கவில்லை என்ற காரணத்தால் அது விசாரணைக்கே போகாமல் மூடப்படும். அதற்குள் முன்பணம் அவர் பையில். வக்கீலைக் கூட்டி வருகிறேன் என்றும் சொல்வார். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்தில் உங்கள் சார்பில் வேறொருவரை நியமிக்கலாம், வக்கீலை நியமிக்க முடியாது. எழுத வராது என்றால் தம்பியோ தங்கையோ எழுதிக் கொடுக்கட்டும், 30 சதவீதம் மிச்சம். அவர் நெட்பேங்கிங் விவரம் கேட்பது எதற்கு என்று யோசித்தீர்களா? புகார் எழுத பாஸ்வேர்டு எதற்கு? ஓ.டி.பி. எதற்கு? அந்த ஆளின் எண்ணை இன்றே பிளாக் செய்யுங்கள்.

இவரைவிட மோசமானவர்கள் கூகிளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வங்கி பெயரோடு கஸ்டமர் கேர் என்று தேடினால் மேலே வருகிற எண் வங்கியுடையதாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 'ரீஃபண்ட் ரெடி சார், ஒரு ஆப் இறக்குங்க' என்று உங்கள் போன் திரையை அவர்கள் பார்க்கிற மாதிரி ஒரு செயலியைப் போடச் சொல்வார்கள். 4,956 ரூபாயைத் தேடிப் போய், மிச்சமிருக்கும் 7,044-ஐயும் இழந்துவிட்டு நிற்பீர்கள். ஏடிஎம் கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். சமூக வலைத்தளத்தில் வங்கியைத் திட்டி எழுதுவதில் தப்பில்லை, ஆனால் கணக்கு எண்ணையோ போன் எண்ணையோ போடாதீர்கள். போட்ட சில நிமிடங்களில் வங்கியின் லோகோவோடு ஒரு போலிக் கணக்கு 'வருந்துகிறோம், உங்கள் எண்ணைத் தாருங்கள்' என்று வரும்.

இன்னொன்று, பணம் வருகிறதோ இல்லையோ, மிச்சத்தை இன்றே வேறு கணக்குக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமும் 708 போகலாம். அந்தக் கணக்கு வேண்டும் என்றால் எழுதிக் கொடுத்து அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள், அதற்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. அதே வங்கியில் உங்களுக்கு இன்னொரு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள், மூடியதற்கு எழுத்தில் ஒரு சான்று கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மூடுவதற்கு முன் பி.எஃப். கணக்கைப் பாருங்கள். கம்பெனியில் சேர்ந்தபோது யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணோடு இந்த வங்கிக் கணக்கைத்தான் இணைத்திருப்பார்கள். அதை மாற்றாமல் கணக்கை மூடினால் பி.எஃப். பணம் போய்ச் சேர இடமில்லாமல் திரும்பிவிடும், மூடாமல் விட்டால் அந்தப் பணத்திலும் இவர்கள் நிலுவை என்று ஒரு வாய் கடிப்பார்கள். புதுக் கணக்கை யு.ஏ.என். தளத்தில் சேர்த்து, அது சேர்ந்துவிட்டதைப் பார்த்த பிறகு கிளைக்குப் போங்கள்.