டைகர் டாங்கியின் ரப்பர் டிராக் பிரிகிறதா? உலோக டிராக் வாங்கும் முன்

கேள்வி: 1/35 அளவில், இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கியான டைகர் 1-இன் பழைய மாதிரி கிட் ஒன்றைக் கட்டினேன். சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக் ரப்பர் போன்றது, அதில் பிளாஸ்டிக் பசை பிடிக்கவே இல்லை. சூப்பர் க்ளூ போட்டேன். பத்து நாளில் ஒரு பக்கம் பிரிந்துவிட்டது. மறுபக்கம் ஒட்டு நிற்கிறது, ஆனால் முன் பல்சக்கரம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. உலோக டிராக் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நோய்தான். டிராக் நீளம் போதாமல் விறைப்பாக இழுக்கிறது. ஒரு பக்கம் ஒட்டு தோற்றது, மறுபக்கம் பல்சக்கரத்தின் அச்சு தோற்றது. இதே அச்சின் மேல் கனமான உலோக டிராக்கை மாட்டினால் அச்சு முழுதாகப் பெயர்ந்து வரும். அதை விற்பவர் சொல்ல மாட்டார். அசல் டைகரில் ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள். உலோக டிராக்கில் இரண்டு பக்கமும் சேர்த்து 192 கண்ணிகளையும் ஒவ்வொன்றாகத் துளை சுத்தம் செய்து, கம்பி கோத்து, வெட்ட வேண்டும் என்பதையும் சொல்ல மாட்டார்.

பிளாஸ்டிக் பசை என்பது கோந்து அல்ல. கிட்டின் பாலிஸ்டைரீனைக் கரைத்து, இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கும் திரவம். உங்கள் டிராக் மென்மையான பி.வி.சி. அதை இந்தத் திரவம் கரைக்காது. சூப்பர் க்ளூ பிடிக்கும், ஆனால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துப்போகும். வளைகிற பொருளின் மேல் வளையாத ஒட்டு, அதுவும் இழுவிசையில் இருந்தால் விரிசல் விடத்தான் செய்யும்.

டிராக்கைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். விரித்து அளந்து பாருங்கள். அசல் கண்ணியின் இடைவெளி 130 மி.மீ. அந்தக் கணக்கில் 1/35க்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 36 செ.மீ. வர வேண்டும். குறைந்தால், கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் (கொதிநீரில் அல்ல) இரண்டு நிமிடம் போட்டு, மெதுவாக இழுத்து, இழுத்தபடியே குளிர்ந்த நீரில் பிடியுங்கள். ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் கண்ணிகளுக்கு நடுவே கிழியும். இரண்டு மூன்று தடவையாகச் செய்யுங்கள்.

அடுத்தது இணைப்பு. ஒரு முனையில் உள்ள முளைகள் மறுமுனையின் துளைகளில் நுழைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பழைய தட்டை ஸ்குரூ டிரைவரின் முனையைச் சூடாக்கி, முளையின் தலையை இரண்டு விநாடி அழுத்தினால் அது ஆணித்தலை போலப் பரந்து நிற்கும். சிவக்கச் சூடாக்கினால் டிராக்கே உருகும். பி.வி.சி. புகை நெஞ்சை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். முளை ஏற்கெனவே முறிந்திருந்தால் கறுப்புத் தையல் நூலால் இரண்டு தையல் போட்டு முடிச்சிடுங்கள். சூப்பர் க்ளூவை முடிச்சின் மேல் மட்டும் ஒரு துளி விடுங்கள். இணைப்பு மேல் ஓட்டத்தின் நடுவில், உடலின் விளிம்புக்கு அடியில் வரட்டும். அங்கே யார் கண்ணிலும் படாது.

சாய்ந்த பல்சக்கரத்தை நிமிர்த்தி மறுபடி ஒட்டினால் நிற்காது. அச்சை வெட்டி, இரண்டு பக்கமும் 1 மி.மீ. துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பியை உள்ளே வைத்து ஒட்டுங்கள். ஒரு முழு நாள் காயாமல் டிராக் மாட்டக் கூடாது.

டைகரில் டிராக்கைத் தாங்கும் மேல் உருளைகள் கிடையாது. கனத்த டிராக் சக்கரங்களின் தலைமேலேயே படிந்து கிடக்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்து, டிராக்குக்கும் உடலுக்கும் இடையே ஸ்பாஞ்ச் துண்டைச் செருகி, காயும்வரை விடுங்கள். இந்தத் தொய்வை அப்படியே அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்குச் செய்துவிடாதீர்கள். அதற்கு மேல் உருளைகள் உண்டு, டிராக்கும் விறைப்பானது.

மேலே சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு, அதில்தான் பலர் தவறுகிறார்கள். பிற்காலத்து கிட்கள் சிலவற்றில் டிராக் பசையை ஏற்கும் வேறு பொருள். பார்த்தால் பழையதுபோலவே இருக்கும், தொட்டாலும் வித்தியாசம் தெரியாது. டிராக்கைச் சுற்றியுள்ள வேண்டாத சட்டத்தில் ஒரு துளி பசை விட்டு ஒரு நிமிடம் கழித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தின் தடம் பதிந்து பிசுபிசுத்தால் பசையே போதும். அந்த வகையைச் சூடான இரும்பால் தொடாதீர்கள். தடம் பதியாவிட்டால் பழைய வகை. சட்டத்தை எறிந்துவிட்டீர்கள் என்றால் டிராக்கின் உட்புறம், இணைப்பிலிருந்து தள்ளி ஓர் ஓரத்தில் சோதியுங்கள். கிட்டின் குறிப்புத்தாளில் என்ன பசை என்று எழுதியிருக்கும், அதையும் ஒரு முறை படியுங்கள். பெட்டியின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பழைய வார்ப்பச்சிலேயே வார்த்து, பெட்டியை மட்டும் மாற்றி வருவதும் உண்டு.

பழைய வகை டிராக்கிலிருந்து எண்ணெய் போன்ற மென்மையூட்டி கசியும். அது வெறும் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சக்கரம் இளகிக் குழியாகிவிடும். சக்கர விளிம்புக்குப் பிரைமரும் (அடிப்பூச்சு) பெயின்டும் கட்டாயம். கட்டி முடிக்கும்வரை டிராக்கைத் தனிப் பையில் வையுங்கள்.

டிராக்குக்குத் துரு போலப் பழுப்பேற்ற ஹார்டுவேர் கடையின் தின்னர் வாங்கி ஊற்றாதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டுக்கான தின்னர் பிளாஸ்டிக்கையே கரைக்கும். டர்பென்டைன் அச்சுத் துளைக்குள் இறங்கினால், இழுவிசையில் உள்ள இடம் சத்தமின்றி விரிசல் விடும். தூரிகையில் தொட்டுத் துடைத்து, மேற்பரப்பில் மட்டும் பூசுங்கள்.

பழைய கிட்டை இரண்டாம் கையாக விற்பவர்களிடம் டிராக்கை வளைத்துப் பிடித்த புகைப்படம் கேளுங்கள். ‘சீல் பிரிக்கவில்லை’ என்று தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் சுற்றுவது யாருக்கும் இரண்டு நிமிட வேலை. எப்படியும் உலோக டிராக்தான் வேண்டுமென்றால் அகலம் கேளுங்கள். போர்க்கள டிராக் 725 மி.மீ., 1/35இல் 20.7 மி.மீ. ரயிலில் ஏற்றுவதற்கான குறுகிய டிராக் 520 மி.மீ., அதாவது 14.9 மி.மீ. ‘டைகர் டிராக்’ என்ற ஒரே பெயரில் தவறானதை அனுப்புவார்கள், திருப்பியும் எடுக்க மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வேறு தொல்லை. இந்தியச் சுங்கத்தில் மாதிரி கிட்டும் குழந்தை பொம்மையும் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு கட்டாயம். கத்தியும் பசையும் கொண்டு பெரியவர்கள் கட்டும் பொருளைக் கிலுகிலுப்பையோடு சேர்த்து நிறுத்துவதில் என்ன நியாயம்? இந்தக் குழப்பம்தான் ‘வரியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முன்பணம் வாங்கும் இடைத்தரகருக்குப் பிழைப்பு. பில் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு பேப்பர் கிளிப், கறுப்பு நூல், 1 மி.மீ. துளைப்பான்.