கடல் உப்பில் அயோடின் இருக்காதா?

கேள்வி: வணக்கமுங்க. எங்களுக்கு அந்தியூர் பக்கம். வருசா வருசம் டெம்போவுல வர்ற உப்புக்காரர்கிட்ட ஒரு மூட்டை கல் உப்பு வாங்கிப் போட்டுக்குவோம். சமையலுக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான், தென்னைக்கும் அதுதான். இப்ப மருமகளுக்கு நாலு மாசம். செக்கப்புக்குப் போன எடத்துல, அயோடின் உப்புதான் சேர்க்கணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. கடல்ல வெளையற உப்புல இல்லாத அயோடினா பாக்கெட்ல இருக்கப் போகுது? பாக்கெட் உப்பு வந்த பொறகுதான் ஊரெல்லாம் தைராய்டுன்னும் சொல்றாங்க. எனக்கே எட்டு வருசமா தைராய்டு மாத்திரை ஓடுதுங்க. பையன் இந்துப்பு வாங்கலாங்கறான். எதை நம்பறதுங்க?

பதில்: அம்மா, மருமகள் விஷயத்தில் நாள் தள்ள வேண்டாம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய சமையலில் இருந்தே அயோடின் சேர்த்த உப்புக்கு மாறிவிடுங்கள். காரணங்களை இனி நிதானமாகப் படிக்கலாம்.

கடலில் அயோடின் இருக்கிறது என்பது உண்மைதான். 1811இல் பிரான்ஸில் பெர்னார் குர்துவா என்பவர் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலில் இருந்துதான். ஊதா நிறத்தில் ஆவி கிளம்பியது. அந்த நிறத்துக்கான கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது. ஆனால் பாசி தன் உடம்பில் அயோடினைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். உப்பு அப்படிச் செய்வதில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் 35 கிராம் இருக்கும், அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அது அத்தனையும் உப்போடு தங்கினாலும் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. பாத்தியில் உப்பு விளையும்போது அதிலும் பெரும்பங்கு காற்றோடும் கசடு நீரோடும் போய்விடுகிறது. நாளுக்கு 10 கிராம் கல் உப்பு சாப்பிட்டாலும் 20 மைக்ரோகிராமைத் தொடாது. பெரியவர்களுக்குத் தேவை 150. கர்ப்பிணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 250.

இந்துப்பின் கதையும் இதேதான். மலையில் வெட்டியெடுத்தது, இளஞ்சிவப்பாக அழகாக இருக்கும், விலையும் கூடுதல். அயோடின் கணக்கில் அதற்கு மதிப்பெண் போட ஒன்றுமில்லை. வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது தினசரி சமையலுக்கு அது வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

பாக்கெட் உப்பில் அயோடின் தானாக இருப்பதில்லை. பொட்டாசியம் அயோடேட்டைச் சேர்க்கிறார்கள். வாங்குகிறவர் கைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இது எங்கிருந்து வந்தது என்றால், 1950களில் இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் பலருக்குக் கழுத்தில் கழலை தொங்கியது. மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும் சில பகுதிகளுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன இடங்களில் கழலை மளமளவென்று குறைந்தது. 1962இல் தேசியத் திட்டமே வந்தது. மலைக்காரர்கள் பிரச்சினை என்றுதான் முதலில் நினைத்தார்கள். சமவெளியிலும் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்க 2006இல் இருந்து நாடு முழுக்கத் தடை.

தடை இருந்தும் உங்கள் வீட்டு மூட்டை எப்படி வந்தது என்பீர்கள். திருப்பூர் சாயப்பட்டறைக்கும், தோல் ஷாப்புக்கும், மாட்டுக்கும் போகிற உப்புக்கு அந்தத் தடை இல்லை. ஒரே டெம்போவில் வருகிற மூட்டை, ஒரு வீட்டில் தென்னை மரத்தடிக்கும் இன்னொரு வீட்டில் அடுப்படிக்கும் போய்விடுகிறது. 2018-19இல் நாடு தழுவி எடுத்த கணக்கில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியாவில் 76 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 62தான், கடைசி இடம். உப்பு விளைகிற மாநிலத்துக்கு இந்த நிலை. பக்கத்திலேயே விளைவதால் பாக்கெட்டுக்குள் போகாத உப்பு நமக்குச் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்பதுதான் என் எண்ணம்.

மருமகளுக்கு மட்டும் ஏன் இத்தனை அவசரம்? கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பி செய்கிற தைராக்சின் என்ற ஹார்மோனில் ஒரு மூலக்கூறுக்கு நான்கு அயோடின் அணுக்கள். அயோடின் இல்லாவிட்டால் அந்தச் சரக்கே உருவாகாது. வயிற்றுப் பிள்ளைக்கு முதல் மூன்று மாதமும் தாயின் தைராக்சின்தான். பிறகு அதன் சுரப்பி வேலையைத் தொடங்கினாலும், மூலப்பொருளான அயோடின் தாயிடமிருந்துதான் போயாக வேண்டும். மூளை வளர்கிற காலம் அது. கடுமையாகக் குறைந்தால் பிள்ளைக்குக் காது கேளாமை, புத்தி வளர்ச்சிக் குறைவு வரை போகும். கொஞ்சம் குறைந்தாலே படிப்பில் தெரியலாம். உங்கள் கையெட்டும் தூரத்தில் தடுக்கக்கூடிய விஷயம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அதற்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும். இருக்கிற அளவிலேயே உப்பை மாற்றினால் போதும். மீதிக்குப் பால், தயிர், நாமக்கல் முட்டை இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 20, 25 மைக்ரோகிராம் கிடைக்கும், கோழித் தீவனத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். கடல் மீன் கிடைக்கிற அன்று வாங்குங்கள். பவானிசாகர் அணை மீன் ருசிதான், ஆனால் அயோடினில் கடல் மீனுக்கு ஈடாகாது. அரசு ஆஸ்பத்திரியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் இரும்பும் போலிக் அமிலமும்தான், அயோடின் இல்லை. தனி மாத்திரை வேண்டுமா என்பதை மருமகளின் டாக்டர் சொல்லட்டும். தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்றும் அதே நேரத்தில் கேட்டுவிடுங்கள்.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். கிழங்கில் இருந்து உடம்பில் உண்டாகும் தயோசயனேட், சுரப்பிக்குள் அயோடின் நுழைவதைத் தடுக்கும். முட்டைக்கோஸும் கம்பும் வேறு பொருள்களால் இதே திசையில் வேலை செய்பவை. அயோடின் போதுமான அளவு சேர்கிற வீட்டில் இவற்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கிழங்கை நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கம்பங்கூழை நிறுத்தச் சொன்னால் எனக்கே மனசு கேட்காது.

இனி உங்கள் தைராய்டு. பாக்கெட் உப்பால் வந்தது என்பது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. டென்மார்க்கில் 2000இல் உப்புக்கு அயோடினைக் கட்டாயமாக்கிய பிறகு, சுரப்பி மந்தமாகும் நோய் கொஞ்சம் கூடியது பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்த மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான். முன்பு உடம்பு வலி, அசதி என்று விட்டதெல்லாம், சின்ன ஊர் லேப்பிலும் ரத்தப் பரிசோதனை வந்த பிறகு தைராய்டு என்று பெயர் பெற்றுவிட்டது. நீங்கள் சாப்பிடுவது தைராக்சின் மாத்திரை என்றால், அந்த மருந்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். எட்டு வருடமாக அதைத்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்! சமையல் உப்பின் அளவு உங்களுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. மாத்திரையைக் காபிக்கு முன், வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணியாவது காத்திருங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கடற்பாசி மாத்திரை என்று யாராவது விற்றால் மட்டும் தொடாதீர்கள், அதில் அயோடின் அளவு கன்னாபின்னாவென்று இருக்கும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்குத்தான் டாக்டர் சில நாள் அயோடின் உப்பை நிறுத்தச் சொல்வார்.

கல் உப்பு ருசி போய்விடுமே என்று கவலை வேண்டாம். அயோடின் சேர்த்த கல் உப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது, எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதில் அயோடின் கல்லின் மேல்தான் ஒட்டியிருக்கும். அழுக்கு போகட்டும் என்று அலசிக் கொட்டினால் கூடவே போய்விடும். ஈரக் கையை விடாமல், மூடியுள்ள டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். குழம்பு இறக்கும் சமயத்தில் போட்டால் சேதாரம் குறையும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: உருளைக்கிழங்கை வெட்டி அதன்மேல் உப்பைத் தூவுங்கள், ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். அயோடின் இருந்தால் நீலமாகும். எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. மூட்டை உப்பையும் பாக்கெட் உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மருமகளையே செய்யச் சொல்லுங்கள். நிறம் மாறாத மூட்டையை மாட்டுக்கும் தென்னைக்கும் வைத்துக்கொள்ளலாம்.