ஸ்பார்க்கில் (பெருந்தரவைப் பல கணினிகளில் பிரித்துச் செயலாக்கும் மென்பொருள்) டைனமிக் அலோகேஷன் (தேவைக்கேற்ப எக்ஸிக்யூட்டர்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தும் எக்ஸிக்யூட்டர்கள் (வேலையைச் செய்யும் ப்ராசஸ்கள்) ஏன் விடுபடுவதில்லை? குறைந்தபட்சம் எத்தனை வைப்பது?

பெரும்பாலும் கேஷ்தான் (மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைத்த தரவு) காரணம். சும்மா இருக்கும் எக்ஸிக்யூட்டரை ஸ்பார்க் 60 விநாடியில் விட்டுவிடும். ஆனால் கேஷ் செய்த தரவு அதில் இருந்தால் இயல்பில் காலக்கெடுவே கிடையாது. அதற்கென உள்ள தனி டைம்அவுட்டை 10 நிமிடம் என்பதுபோல் மாற்றுங்கள். அதன்பின் அந்தத் தரவு தேவைப்பட்டால் மறுபடி கணக்கிட வேண்டிவரும். குபெர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் தளம்) ஷஃபிள் ட்ராக்கிங் (ஷஃபிள் கோப்புகள் எந்த எக்ஸிக்யூட்டரில் உள்ளன என்று கவனிக்கும் வசதி) வைத்திருந்தால் ஷஃபிள் கோப்புகளும் (வேலையின் கட்டங்களுக்கு இடையே பரிமாறும் தரவு) இதே தொல்லையைத் தரும். அதற்கும் தனி டைம்அவுட் உண்டு.

குறைந்தபட்சம் இயல்பில் 0. பேட்ச் வேலைக்கு அது போதும். பயனர் காத்திருக்கும் வினவல்களுக்கு 2 அல்லது 3 நல்லது, ஏனெனில் தேவை கூடும்போது ஸ்பார்க் 1, 2, 4, 8 என்றுதான் கூட்டிக் கேட்கும். அதிகபட்சத்தை மறக்கவே கூடாது: இயல்பில் வரம்பில்லை, ஒரே வேலை க்ளஸ்டரையே (மொத்தக் கணினிக் கூட்டத்தையே) விழுங்கிவிடும்.